வீட்டுப் படம் கீறப் பழகிறவைக்கு

கிளிநொச்சியில வீட்டுப் படம் கீறிக் குடுக்கிறது என்ர தொழில். பழக வாற பிள்ளையள் முதல் நாளே முப்பரிமாண வீடு கேப்பினம். நான் விடுறேல்லை. கொம்பியூட்டரில படம் கீறுற மென்பொருளில முதல் தட்டைப் படத்தைப் பழகி, பிறகு முப்பரிமாணத்துக்குப் போறதுதான் சுகம்.

ஓட்டோகாட் எண்ட படம் கீறுற மென்பொருளுக்குக் காசு கட்டி வாங்கத் தேவையில்லை. அதே மாதிரியான லிப்ரேகாட் இலவசம், பழைய லப்டொப்பிலயும் ஓடும். அலகை அங்குலமாக்குங்கோ, எங்கட மேசன்மார் அடிக்கணக்கிலதானே கதைக்கினம். 12 அடி அறையெண்டால் 144 எண்டு முழு அளவையே குடுங்கோ. தாளுக்குச் சின்னனாக்கிறது பிரிண்ட் எடுக்கேக்க பாக்கிற வேலை.

மவுஸை நம்பாதேங்கோ. 1982 டிசம்பரில ஓட்டோகாட் வரேக்க மவுஸ் இல்லாத கொம்பியூட்டர்தான் கனக்க. அதாலதான் கட்டளையைத் தட்டிக் கீறுற பழக்கம் வந்தது, இண்டைக்கும் அதுதான் துல்லியம். லைன் கட்டளையில 0,0 குடுத்து, @144,0 பிறகு @0,120 பிறகு @-144,0 எண்டு தட்டி மூடினால் 12க்கு 10 அறை (@ எண்டால் கடைசிப் புள்ளியில இருந்து அளக்கிறது). கையால இழுத்தால் 143.8இல நிக்கும். மூலையில இருக்கிற ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஹட்ச் (மூடின இடத்தைக் கோடுகளால நிரப்பிறது) போடேக்க பிடிக்காது.

சுவருக்கு வெளிப்பக்கமாய் 6 அங்குலத்தில பரலல் கோடு போடுங்கோ. மூலையில ரெண்டு கோடும் முட்டாமல் நிக்கும். ரெண்டு கோட்டையும் முட்ட வைக்கிற ட்ரிம் டூ கட்டளையால சேருங்கோ.

இனிக் கதவு. 1963இல ஐவன் சதர்லாந்து அமெரிக்காவின்ர எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில ஸ்கெச்பாட் எண்ட படம் கீறுற மென்பொருளைச் செய்தார். டிஎக்ஸ்-2 கொம்பியூட்டரின்ர திரையில ஒளிப்பேனாவால கீறுறது. அதில எனக்குப் பெரிசாத் தெரியிறது பேனா இல்லை. ஒரு மூலப்படத்தைக் கீறிப் பல இடத்தில வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லாமே திருந்தும். நாங்கள் புளொக் எண்டுறது அந்த யோசனையைத்தான். 36 அங்குலக் கோடும் கால்வட்டமும் கீறி, பிணைச்சல் வாற மூலையை ஆதாரப் புள்ளியாக்கி, பேர் வைச்சு, ஒவ்வொரு அறையிலயும் செருகுங்கோ. வீட்டுக்காரர் கடைசி நேரத்தில "கதவெல்லாம் 2 அடி 9 காணும்" எண்டுவார். ஒண்டைத் திருத்தினால் போதும். சுவரில விட்ட இடைவெளி மட்டும் தானாய் மாறாது, அதைத் தனியப் பாருங்கோ.

லேயர் எண்டுறது ட்ரேசிங் பேப்பரை ஒண்டுக்கு மேல ஒண்டு வைக்கிற மாதிரி. சுவர், கதவு, அளவு, தளபாடம், கிணறு, மலக்குழி எல்லாம் வேற வேற. பிரதேச சபைக்குப் போற பிரதியில கட்டில், கதிரையை அணைச்சிடுங்கோ.

இவ்வளவும் கையில வந்தாப் பிறகு முப்பரிமாண வீடு கீறுற ஸ்கெச்சப்பைத் தொடுங்கோ. அது 2000இல வந்தது, ஒரு கிழமையில பிடிபடும்.

கோப்பை டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமியுங்கோ. ஓட்டோகாட்டின்ர முதல் பதிப்பிலயே வந்த வகை அது, கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் வாசிக்கும். கரண்ட் போற ஊர், தன்னியக்கச் சேமிப்பை 5 நிமிசத்துக்கு வையுங்கோ. பிரிண்ட் கடைக்கு மட்டும் பிடிஎஃப் குடுங்கோ. டிஎக்ஸ்எஃப் குடுத்தால், அவையின்ர கொம்பியூட்டரில எழுத்துரு இல்லாட்டில் "குசினி" எண்டு எழுதின இடத்தில வெறும் பெட்டிதான் வரும்.