வெளிப்படுத்தலில் தொடங்காதீர்கள்: தீர்க்கதரிசன வேதபாடக் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீர்க்கதரிசனங்களைச் சேர்ந்து படிக்கலாம் என்று ஒரு குழு கூடினால், பெரும்பாலும் முதல் வாரமே வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்துவிடுகிறது. ஆவல் புரிகிறது. ஏழு முத்திரை, ஏழு எக்காளம், மிருகம், 666 என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அப்படித் தொடங்கிய குழு ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். மூன்றாம் வாரத்தில் வேதாகமம் மூடிக் கிடந்தது. சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஐந்தாம் வாரத்தில் பாதி நாற்காலிகள் காலி.

வெளிப்படுத்தலை எழுதிய யோவான் பழைய ஏற்பாட்டின் மொழியில் எழுதுகிறவர். 'என்று எழுதியிருக்கிறது' எனச் சொல்லி அவர் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆனால் தொட்ட இடமெல்லாம் பழைய ஏற்பாடுதான். சிங்காசனத்தைச் சூழ்ந்த நான்கு ஜீவன்கள் எசேக்கியேல் முதலாம் அதிகாரத்தை நினைவூட்டுகின்றன. 13ஆம் அதிகாரத்தின் மிருகத்துக்குச் சிறுத்தையின் உருவம், கரடியின் கால், சிங்கத்தின் வாய். மூன்றும் தானியேல் 7இல் தனித்தனி மிருகங்களாக வந்தவை. வாதைகள் யாத்திராகமத்தை எதிரொலிக்கின்றன. இவற்றைப் படிக்காமல் அங்கே நுழைவது, கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுப் பாத்திரங்கள் யார் என்று ஊகிப்பது போலத்தான்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பழைய ஏற்பாட்டின் சிறிய தீர்க்கதரிசன நூலான ஆகாயில் தொடங்குங்கள் என்பேன். இரண்டே அதிகாரம், 38 வசனம். தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520, என்று காலம் குறிக்கப்பட்ட நான்கு செய்திகள். வாரத்துக்கு ஒன்று என்று நான்கு வாரம் போதும். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் வீடுகளுக்கு மச்சுப் பாவிவிட்டு, ஆலயத்தைப் பாழாய் விட்டிருக்கிறார்கள். ஆறாம் மாதம் முதல் தேதி ஆகாய் பேசுகிறார். 24ஆம் தேதி வேலை தொடங்கிவிடுகிறது. தீர்க்கதரிசனம் என்றாலே வருங்காலத்தைச் சொல்வது என்று நினைத்து வந்தவர்களுக்கு இந்த 23 நாள் கணக்கு நல்ல அதிர்ச்சி. தீர்க்கதரிசிகள் பேசியதில் பெரும்பகுதி, கேட்டவர்கள் அன்றே எழுந்து செய்ய வேண்டியதைப் பற்றியது.

இதிலிருந்தே அடுத்த தவறு விளங்கும். ஒரு வசனத்தை எடுத்ததும் "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்கிறோம். முதலில் கேட்டவர் யார் என்பதை மறந்துவிடுகிறோம். எரேமியா 29:11ஐ எத்தனை வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்போம்! நம்மீது தேவன் கொண்டிருக்கும் சமாதானத்துக்கான நினைவுகள் என்ற அந்த வாக்கு ஒரு கடிதத்தில் வருகிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவர் ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முழங்குகிறார். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்டவர்களில் பலர் அது நிறைவேறுவதைக் காணாமலேயே இறந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வசனம் சிறுத்துப்போவதில்லை, கனம் கூடுகிறது.

அனனியாவின் வழியில் வந்தவர்கள் பிற்காலத்திலும் உண்டு. தானியேல் 8:14இல் உள்ள 2300 நாட்களை 2300 வருஷங்களாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார் அமெரிக்காவின் வில்லியம் மில்லர். அந்தக் கணக்கை நம்பியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவுக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் 1994இல் ஒரு முறை நாள் சொல்லித் தவறினார். பிறகு 2011 மே 21 என்றார். அதுவும் பொய்த்தபோது அக்டோபர் 21க்குத் தள்ளிவைத்தார். இவர்கள் வேதம் படிக்காதவர்கள் அல்ல, கரைத்துக் குடித்தவர்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்ற மத்தேயு 24:36 இவர்கள் கண்ணிலும் பட்டிருக்கத்தான் வேண்டும். உங்கள் குழுவில் யாராவது கால்குலேட்டரை எடுத்தால், நயமாக அந்த வசனத்தைத் திறந்து வையுங்கள்.

செய்தித்தாளை வைத்துத் தீர்க்கதரிசனத்துக்குப் பொருள் சொல்வதும் இதன் உடன்பிறப்புதான். எசேக்கியேல் 38இல் இஸ்ரவேலுக்கு எதிராகப் படையெடுத்து வரும் கோகு யார்? நான்காம் நூற்றாண்டில் ஆயர் அம்புரோஸ், ரோமப் பேரரசைத் தாக்கிய ஜெர்மானிய இனமான கோத்தியர் என்றார். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் கோகைத் துருக்கியரோடு சேர்த்துப் பேசினார். பனிப்போர்க் காலத்தில் பலரின் விரல் சோவியத் யூனியனை நோக்கி நீண்டது. அந்தந்தத் தலைமுறையை அச்சுறுத்தியது எதுவோ, அதுவே கோகு ஆகிவிட்டது. உலக நடப்பைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் அரை மணி நேரம் அதற்கு இடம் தராதீர்கள், அவ்வளவுதான்.

அடையாளங்களிலும் இதே அவசரம். வேதமே பொருள் சொல்லியிருக்கும் இடங்களை முதலில் பாருங்கள். கனவில் வந்த சிலையின் பொற்தலை நேபுகாத்நேச்சார் என்று தானியேல் 2:38 சொல்கிறது. ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்பது 8ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று வெளிப்படுத்தல் 1:20 கூறுகிறது. எபேசு முதல் லவோதிக்கேயா வரை அவை இன்றைய துருக்கியில் இருந்த உண்மையான நகரங்களின் சபைகள். பொருள் சொல்லப்படாத இடத்தில், வெட்டுக்கிளியைக் கண்டதும் ஹெலிகாப்டர் என்று துள்ளிக் குதிக்காமல், தெரியவில்லை என்று விட்டுவிடலாம். அப்படிச் சொல்லக் கூச்சப்படாத தலைவர் கிடைத்தால் அந்தக் குழு கொடுத்துவைத்தது.

சொன்னதெல்லாம் சொன்னபடியே நடந்தாக வேண்டும் என்று இறுகப் பிடிப்பவர்களை யோனாவிடம் அழைத்துச் செல்லுங்கள். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார். கவிழவில்லை, மக்கள் மனந்திரும்பினார்கள். இப்படியும் நடக்கும் என்பதற்கான விளக்கம் எரேமியா 18:7, 8இல் இருக்கிறது.

கருத்து வேறுபாட்டை மறைக்கவும் வேண்டாம். வெளிப்படுத்தல் 20 சொல்லும் ஆயிர வருட அரசாட்சிக்கு முன்பா பின்பா கிறிஸ்துவின் வருகை, அந்த ஆயிரம் வருஷம் எழுத்தின்படியா அடையாளமா என்பதில் விசுவாசிகள் நெடுங்காலமாக வேறுபட்டே வந்திருக்கிறார்கள். நடத்துபவர் தன் நிலைப்பாட்டை முதல் வாரமே சொல்லிவிடலாம். ஆனால் மற்றவர்களைக் கள்ள உபதேசக்காரர் என்று முத்திரை குத்தக்கூடாது. எல்லாம் தெரிந்த ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரைப் பேசவிட்டால் புதியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவருக்கு வரைபடம் தயாரிக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாத ஒரு தவறு: விளக்க நூல்களையும் காணொளிகளையும் வைத்தே வாரங்களை ஓட்டிவிட்டு, மூல நூலை உரக்க வாசிக்காமல் விடுவது. வெளிப்படுத்தல் 1:3 வாசிக்கிறவனுக்கும் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பாக்கியம் சொல்கிறது. ஒருவர் வாசிக்க, சபை கேட்கும் என்று எண்ணி எழுதப்பட்ட நூல் அது. ஆகாயை நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடம் ஆகாது. பல மாதம் கழித்து வெளிப்படுத்தலுக்கு வரும்போது, முதல் வாரம் விளக்கம் எதுவும் இல்லாமல், ஆளுக்குச் சில அதிகாரங்களாக 22ஐயும் ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.