பழைய இழுப்பறை அலமாரி வாங்கப் போகிறீர்களா? முதலில் டிராயரை வெளியே எடுங்கள்

பழைய மர இழுப்பறை அலமாரியை முதன்முதலாக வாங்குபவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பளபளப்பான பாலிஷ், பித்தளைக் கைப்பிடி, வளைந்த கால். இவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். டிராயரின் பக்கப் பலகை, அடிப்பலகை, அலமாரியின் முதுகு ஆகியவற்றை மெனக்கெட்டு மாற்றுபவர்கள் குறைவு. செய்த தச்சரின் கை அங்கேதான் அப்படியே தெரியும். அதனால் நாமும் உள்ளிருந்தே தொடங்குவோம்.

கையில் ஒரு டார்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, பென்சில், கொஞ்சம் காகிதத் துண்டுகள் இருந்தால் போதும்.

படி 1: டிராயர்களை ஒவ்வொன்றாக எடுங்கள்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இழுத்துத் திறக்க வேண்டாம். எடை முழுக்க முன்னால் வந்து அலமாரியே கவிழ்ந்துவிடும். ஒன்றை முழுதாக வெளியே எடுத்துத் தரையில் வைத்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கையால் செய்த டிராயர்கள் பார்க்க ஒரே அளவாக இருந்தாலும் அந்தந்த இடத்தில்தான் சரியாகப் பொருந்தும். எது எங்கே இருந்தது என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.

படி 2: மூலை இணைப்பைப் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். இதை டவ்டெயில் இணைப்பு என்பார்கள். கையால் வெட்டியதாக இருந்தால் பற்களின் அகலம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், இடைவெளியும் சீராக இராது. எதுவரை வெட்ட வேண்டும் என்று தச்சர் ஊசிமுனையால் கீறிய மெல்லிய கோடு பல நேரம் இன்னும் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி ரம்பம் சற்று இறங்கிய தடத்தையும் பார்க்கலாம்.

எல்லாப் பற்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருந்தால் அது இயந்திர வேலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. பற்களுக்குப் பதிலாக அரைவட்டமும் அதன் நடுவே ஒரு வட்ட முளையும் வரிசையாகத் தெரிந்தால் உங்களுக்குக் காலத்தைச் சொல்லும் நல்ல சான்று கிடைத்துவிட்டது. அது அமெரிக்காவில் சார்லஸ் நாப் 1867-இல் காப்புரிமை பெற்ற இணைப்பு. 1870-களின் தொடக்கம் முதல் ஏறக்குறைய 1900 வரைதான் தொழிற்சாலைகளில் அது பெருமளவில் புழங்கியது.

அப்புறம், எல்லா டிராயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே கை வேலை என்றால் பற்களின் எண்ணிக்கையும் சாய்வும் ஒத்துப்போகும். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது பிற்பாடு செய்து வைத்தது. ஒரு எச்சரிக்கை: கையால் வெட்டிய டவ்டெயில் இருக்கிறது என்பதாலேயே அது பழையதாகிவிடாது. இன்றும் நல்ல தச்சர்கள் அப்படி வெட்டுகிறார்கள். அதனால் அடுத்த படிகளையும் விடக்கூடாது.

படி 3: அறுத்த தடம், ஆணி, திருகாணி

டிராயரைக் கவிழ்த்து டார்ச் வெளிச்சத்தைப் பலகைமேல் சாய்வாக அடியுங்கள். நேர்நேராக, ஆனால் சீரற்று ஓடும் கோடுகள் கைரம்பத்தின் தடம். வில்போல வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம். மரச்சாமான் வேலையில் அது 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. 18-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று சொல்லி விற்கப்படுவதில் இந்த வளைகோடு இருந்தால் அந்தப் பலகைக்கு விளக்கம் கேளுங்கள்.

பழைய திருகாணியின் முனை மழுங்கியிருக்கும், தலையில் உள்ள பள்ளமும் நடுவில் சரியாக விழுந்திருக்காது. கூர்முனைத் திருகாணி 1840-களுக்குப் பிறகு வந்தது. கூட்டல்குறிப் பள்ளம் உள்ள பிலிப்ஸ் திருகாணி 1930-களின் சரக்கு. உருண்டைக் கம்பி ஆணிகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெருகின. ஆனால் ஒரே ஒரு புது ஆணியைப் பார்த்து முழு அலமாரியையும் ஒதுக்கிவிட வேண்டாம். இடையில் யாரோ பழுது பார்த்திருப்பார்கள். எல்லா ஆணியும் ஒரே கதையைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

மரம் நாரின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பழைய அலமாரியின் அடிப்பலகையில் பிளவோ, ஓரத்தில் இடைவெளியோ இருப்பது இயல்பு. நான் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. நூறு வயது என்று சொல்லப்படும் பலகையில் எந்தச் சுருக்கமும் இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

படி 4: நிறமும் தேய்மானமும்

உள்ளே பாலிஷ் போடாத மரம் காற்றுப்பட்டு மெல்லக் கருத்திருக்கும். இடத்துக்கு இடம் நிறம் மாறும்: காற்று அதிகம் படும் முதுகுப்பலகை கருப்பாகவும், மூடியிருந்த பகுதி வெளிறியும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு என்றால் சாயம் பூசியிருக்கிறார்கள். தேய்மானத்துக்கும் காரணம் வேண்டும். டிராயரின் பக்கப் பலகை அடியில் தேய்ந்திருந்தால், அது உரசி ஓடும் கட்டையிலும் அதே இடத்தில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும்.

படி 5: கைப்பிடித் துளைகள்

முன்பலகையின் உட்புறத்தைப் பாருங்கள். இப்போதைய கைப்பிடிக்குத் தேவைப்படாத துளைகள் இருந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. இது மிகச் சாதாரணம், இதற்காக ஒரு நல்ல அலமாரியை விட்டுவிட வேண்டியதில்லை. உள்ளே துளை இருந்து வெளியே அதன் அடையாளமே இல்லாவிட்டால்தான் விஷயம் வேறு. முன்பக்க வினீர், அதாவது அழகுக்காக மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு, பிற்காலத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம். கையால் அறுத்த பழைய வினீர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். இன்றையது பெரும்பாலும் அதைவிட மெல்லிசு.

மேல்பாகம், கீழ்பாகம் என இரண்டாகப் பிரியும் உயரமான அலமாரியானால் மேல்பாகத்தை இறக்கிப் பாருங்கள். மறைந்து கிடக்கும் இடத்தில் எந்தத் தச்சரும் விலையுயர்ந்த வினீரை வீணாக்க மாட்டார். கீழ்பாகத்தின் தலையில் நேர்த்தியாக வினீர் ஒட்டியிருந்தால் அது தனி அலமாரியாக இருந்தது, பிறகு ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

பளிங்கு மேற்பலகை வைத்த பிரெஞ்சு கொமோட் (உயரம் குறைந்த இழுப்பறை அலமாரி) வகைக்கு இன்னொரு சோதனை உண்டு. பாரிஸ் தச்சர் சங்கம் 1743-இல் வகுத்து 1751-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, செய்தவர் தன் பெயரை மரத்தில் முத்திரையாகக் குத்த வேண்டும். பளிங்குக்கு அடியில், மரச்சட்டத்தின் மேல் அதைத் தேடுங்கள். சங்கம் 1791-இல் கலைந்தது. அரண்மனைக்கு வேலை செய்த சிலருக்கு விலக்கு இருந்ததால் முத்திரை இல்லாதது போலி என்று ஆகாது. போலி முத்திரைகளும் உண்டு என்பதால், முத்திரை இருப்பதாலேயே அசல் என்றும் ஆகாது.

படி 6: உளுத்திருக்கிறதா?

சின்னத் துளைகள் இருப்பது மட்டும் ஆபத்தில்லை. துளையின் ஓரம் வெளிறிப் புதிதாக இருக்கிறதா, தட்டினால் மாவுபோல வெளிர்த்தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். அதற்கு மருந்து வைத்து முடிக்கும்வரை மற்ற மரச்சாமான்களுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. கால்களை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அந்த மரம் இத்துப்போய்விட்டது.

படி 7: வீட்டுக்கு வந்தபின் குறைவாகச் செய்யுங்கள்

சரி, வாங்கிவிட்டீர்கள். உடனே உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். தலைமுறைகளாகப் படிந்த மேற்பரப்பை ஒருமுறை தேய்த்துவிட்டால் எந்தப் பாலிஷாலும் திரும்ப வராது. பழைய பெயின்ட் பூசியிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்த்துத் தூளாக்கினால் மூச்சில் போகும்.

முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். பிறகு மினரல் டர்பன்டைனை துணியில் லேசாக நனைத்து, முதுகுப்புறம் போன்ற மறைவிடத்தில் துடைத்துப் பார்த்து, நிறம் போகவில்லை என்று உறுதியான பிறகு மற்ற இடங்களைத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. நனைந்த துணியை விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். எந்த வகை பாலிஷ் என்று தெரிய வேண்டுமானால் மறைவிடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்த பஞ்சால் தொடுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். அதன்மேல் ஸ்பிரிட் கலந்த எதையும் பயன்படுத்தாதீர்கள், சூடான பாத்திரமும் வைக்காதீர்கள்.

டிராயர் இறுக்கினால் ஈரக்காற்று அடிக்கும் பருவத்தில் இழைப்புளி போடவே வேண்டாம். மரம் உப்பியிருக்கும். காற்று உலர்ந்ததும் தானாகவே தளரும், அதற்குள் இழைத்துவிட்டால் பிறகு ஆடும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஓடும் கட்டை ஆழமாகத் தேய்ந்திருந்தால் அதே வகை மரத்துண்டை ஒட்டி உயர்த்துங்கள். ஒட்ட வஜ்ஜிரமே (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) நல்லது: வெந்நீர்ப் பதத்தில் இளகும் என்பதால் நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்ய முடியும்.

படி 8: வைக்கும் இடம்

நேர்வெயில் படாத சுவர்ப்பக்கம், ஹீட்டரும் ஏசி காற்றும் நேராக அடிக்காத இடம் போதும். ஈரப்பதம் அடிக்கடி ஏறி இறங்கினால் வினீர் எழும்பும். நான்கு காலும் தரையில் சமமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கால் தூக்கினால் டிராயர்கள் கோணும். கடைசியாக, குழந்தைகள் வருகிற வீடானால் அலமாரியைச் சுவரோடு பட்டையால் கட்டியே ஆக வேண்டும். பட்டையின் திருகாணியை மெல்லிய முதுகுப்பலகையில் அல்ல, பின்பக்கத்தின் தடித்த சட்டத்தில் இறக்குங்கள்.