பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இஎஸ்சி பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிமோட் கார் பந்தயம் நடக்கும் இடங்களில் புகைந்துபோன இஎஸ்சியை (பேட்டரிக்கும் பிரஷ் இல்லாத மோட்டாருக்கும் நடுவில் இருந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) கையில் வைத்துக்கொண்டு "60 ஆம்பியர்னுதானே போட்டிருந்தான்" என்று புலம்பும் ஆள் ஒருவராவது இருப்பார். போட்டிருந்தது பொய்யில்லை. ஆனால் அந்த எண் இஎஸ்சி எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு ஓடும் என்பதை அல்ல. எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதை மோட்டார், பேட்டரியின் வோல்டேஜ், கியர், காரின் எடை, டயரின் பிடிப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால் சின்ன மோட்டாருக்கு 120 ஆம்பியர் இஎஸ்சி போட்டால் ஒரு கெடுதலும் இல்லை, கொஞ்சம் எடையும் காசும்தான் கூடும். பெரிய மோட்டாருக்குச் சின்ன இஎஸ்சி போட்டால்தான் புகை.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஹாபிவிங் குயிக்ரன் 10பிஎல்60 என்ற பிரபலமான இஎஸ்சியில் தொடர்ந்து தாங்கும் அளவு 60 ஆம்பியர், உச்ச அளவு அதைப்போல் பல மடங்கு. அந்த உச்ச அளவு நொடிப்பொழுது தாங்குவது மட்டுமே. அதை நம்பி மோட்டார் வாங்கக் கூடாது. இந்த இரண்டையும்விடப் பயனுள்ள வரி பெட்டியோடு வரும் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்: 2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் இத்தனை டர்னுக்குக் கீழே போகாதே, 3 செல்லில் இத்தனை டர்னுக்குக் கீழே போகாதே என்று. டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்ற எண். அது குறையக் குறைய மோட்டார் வேகமாகச் சுற்றும், மின்னோட்டத்தையும் அதிகமாக இழுக்கும். இந்த வரியைப் படிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது, கேவி எண்ணை மட்டும் வைத்து இரண்டு மோட்டார்களை ஒப்பிடுவது. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் கேவி. அது பலத்தின் அளவு கிடையாது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவான 1/10 கார்களில் வரும் 3650 மோட்டார் 36 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. 1/8 கார்களில் வரும் 4274 மோட்டாருக்கு விட்டம் 42, நீளம் 74. முதலாவது 4000 கேவி, இரண்டாவது 2200 கேவி என்று இருந்தால் இரண்டாவதைச் சாதுவானது என்று நினைத்துக்கொண்டு 60 ஆம்பியர் இஎஸ்சியில் மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இழுக்கிற பலம் அதில்தான் பல மடங்கு. டர்ன் கணக்கும் அப்படித்தான், ஒரே அளவு மோட்டார்களுக்குள் மட்டுமே ஒப்பிட உதவும்.

வோல்டேஜ் கணக்கிலும் சறுக்குவார்கள். 2 செல் லைப்போ என்றால் 7.4 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம், ஆனால் முழு சார்ஜில் அது 8.4. 4000 கேவி மோட்டார் அதில் 33,600 சுற்று. அதே மோட்டாருக்கு 3 செல் கொடுத்தால் 12.6 வோல்ட், 50,400 சுற்று. மோட்டார் தாளில் உச்சச் சுற்று 50,000 என்று போட்டிருந்தால் பேட்டரியை மாற்றிய அன்றே எல்லை தாண்டிவிட்டது.

இத்தனையையும் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் கியர். இஎஸ்சி, மோட்டார் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, இருந்தும் அஞ்சு நிமிஷத்தில் கொதிக்கிறதா? முதலில் பினியனைப் பாருங்கள், அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரத்தை. டாமியா கம்பெனியின் டிடி-02 காரை எடுத்துக்கொள்வோம். பினியன் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரில் 70 பல், பெட்டியோடு வரும் பினியனில் 22 பல், உள்ளே இருக்கும் கியர் விகிதம் 2.6. மொத்தம் 8.27. அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பினியனை 25 பல்லாக மாற்றினால் விகிதம் 7.28 ஆகிறது. மூன்றே பல்தான். ஆனால் சக்கரத்தில் அதே உந்துதலைக் கொடுக்க மோட்டார் இப்போது சுமார் 14 சதவீதம் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். கம்பிச்சுருளில் சூடு மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறுவதால் அது கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுகிறது. நாலாவது கியரில் பைக்கை மேட்டில் ஏற்றுகிற மாதிரிதான்: வண்டி நகரும், இன்ஜின் திணறும். வளைவு அதிகமுள்ள சின்ன ட்ராக்கில் நிமிடத்துக்குப் பல தடவை நின்று கிளம்புவதால் இந்தச் சூடு இன்னும் சீக்கிரம் சேரும்.

அதனால் சின்ன பினியனில் தொடங்கி, ஒவ்வொரு பல்லாகக் கூட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டியதும் வெப்பமானியால் மோட்டாரைப் பார்ப்பதுதான் முறை. மேற்புறம் 70 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் நல்லது. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டரின் காந்தம் நிரந்தரமாகப் பலமிழக்கத் தொடங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காந்தம் பலமிழந்த மோட்டார் சும்மா சுற்றும்போது முன்பைவிட வேகமாகச் சுற்றும். "நல்லா பழகிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதே உந்துதலுக்கு அது கூடுதல் மின்னோட்டம் கேட்கும், பழைய செட்டப்பில் பிழைத்த இஎஸ்சி இப்போது போய்விடும்.

ரோட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் உள்ள மோட்டார் என்றால் ஏ, பி, சி என்ற மூன்று கம்பிகளும் இஎஸ்சியின் அதே எழுத்துகளுக்கே போக வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில் எந்த இரண்டு கம்பியை மாற்றினாலும் சுழலும் திசை மாறும், வேறொன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் சென்சார் மோட்டாரிலும் மாற்றினால் ரோட்டர் இருக்கும் இடம் ஒன்று, இஎஸ்சி நினைக்கும் இடம் வேறு. மோட்டார் உதறும், மின்னோட்டம் எகிறும். திசை மாற வேண்டுமென்றால் இஎஸ்சியின் செட்டிங்கில்தான் மாற்ற வேண்டும்.

டைமிங்கை, அதாவது சுருள்களுக்கு மின்னோட்டத்தை எவ்வளவு முன்கூட்டியே மாற்றிக் கொடுப்பது என்பதை, இரண்டு தடவை கூட்டுவது கொஞ்சம் தேறியவர்களின் தவறு. மோட்டாரின் பின்மூடியைத் திருப்பி ஒரு டைமிங், இஎஸ்சியின் செட்டிங்கில் பூஸ்ட், டர்போ என்ற பெயரில் இன்னொன்று. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அமெரிக்காவில் ரிமோட் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் ரோர் அமைப்பு 17.5 டர்ன் ஸ்டாக் பிரிவில் இஎஸ்சியின் டைமிங் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படி இருப்பதை இஎஸ்சியில் மின்னும் விளக்கே காட்டிக்கொடுக்கும். இப்படி ஓட்டுவதற்கு பிளிங்க்கி என்ற பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பிரிவில் ஓட்டிய கியரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பிரிவுக்காக பூஸ்ட் போட்டால் கதை முடிந்தது. பூஸ்ட் ஏற்றினால் பினியன் பல்லைக் குறைக்க வேண்டும்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். பழைய டாமியா வெள்ளை பிளக் இந்த மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் உருகும், எக்ஸ்டி60 அல்லது டீன்ஸ் வகை பிளக் போட்டுவிடுங்கள். டாமியாவின் டிபிஎல்இ-02எஸ் இஎஸ்சிக்கு லைப்போ கட்-ஆஃப், அதாவது பேட்டரி அளவுக்கு மேல் வடியுமுன் நிறுத்தும் வசதி, கிடையாது. லைப்போ போட்டால் தனி அலாரம் வேண்டும். பேட்டரிக் கம்பியை நீட்ட வேண்டிவந்தால் இஎஸ்சி பக்கமே கபாசிட்டரும் சேருங்கள். பிளஸ் மைனஸ் மட்டும் மாறிவிடக் கூடாது, கபாசிட்டர் வெடிக்கும்.