லாரிக்கு நாசிலும் டீசல் பம்பும் வாங்குவதற்கு முன்

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நுனிதான் நாசில். கரும்புகை வந்தால் உடனே "நாசிலை மாத்திடலாம்" என்று முடிவு செய்ய வேண்டாம். முதலில் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். திருமயம் பக்கம் ஜல்லி ஏற்றும் வண்டி, கண்மாய்க் கரையோரம் சீமைக்கருவேலங் கரி ஏற்றும் வண்டி எல்லாம் செம்மண் புழுதியிலேயே நாள் முழுக்க நிற்பவை. உள்ளே இருக்கும் வடிகட்டி எலிமென்ட் அடைத்துக் காற்று குறைந்தால், நல்ல நாசிலும் கரும்புகைதான் தள்ளும். அடுத்து டீசல் பில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை, டேங்கிலிருந்து வரும் உறிஞ்சு ஹோஸ், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் நாசில், பம்ப் பக்கம் போக வேண்டும்.

பழைய இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி அழுத்தும் பகுதி வரிசையாக உள்ள பம்ப்) வண்டியில் எந்த சிலிண்டர் கோளாறு என்று கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். மேலே துணி சுற்றியிருக்கட்டும், கை பக்கத்தில் போகக் கூடாது. எந்த நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இன்ஜினை நிறுத்தி, அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசில் பழுது. நகராமல் அங்கேயே நின்றால் பம்பின் டெலிவரி வால்வையோ (டீசலைப் பைப்புக்கு விடும் வால்வு) எலிமென்டையோ (டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அதன் உறையும்) சந்தேகப்படலாம், அல்லது கம்ப்ரஷன் போயிருக்கலாம். காமன் ரயில் வண்டியில் ('ரயில்' என்ற ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நின்று, நாசில் பொருத்திய இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போகும் புது வகை) இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே பைப்பில் 1,600 பாரும் அதற்கு மேலும்கூட அழுத்தம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

நாசில் வாங்கும்போது வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய நாசிலின் மேல் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, அதையே எழுதிக்கொண்டு போங்கள். 'டிஎல்எல்ஏ 150 பி' என்று தொடங்கினால், 150 என்பது டீசல் விரிந்து பீச்சும் கோணம். 'பி' என்பது மெலிந்த உடம்பு, 'எஸ்' என்பது பருத்தது. பின்னால் வருவது வரிசை எண், அதை வைத்துப் பட்டியலில் பார்த்தால்தான் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அளவும் தெரியும். கோணம் மாறினால் டீசல் பிஸ்டன் குழிக்குள் விழாமல் ஓரத்தில் அடிக்கும். பிஸ்டன் வாய் கருகும், லைனரில் டீசல் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். பெரிய ஓட்டை நாசில் போட்டால் இழுவை கூடும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் சமதரை, மலையேற்றமே கிடையாது. அந்தக் கூடுதல் டீசல் புகையாகவும் சூடாகவும்தான் போகும்.

புது நாசிலாக இருந்தாலும் டெஸ்டரில் (கைப்பிடியை அடித்து நாசிலுக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய இன்லைன் இன்ஜின்களில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 250 பாருக்குள் இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு என்ன அளவோ அதைப் புத்தகத்தில் பார்த்து வைக்க வேண்டும். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே வைத்து 10 விநாடி பிடித்தால் நுனியில் சொட்டு தொங்கக் கூடாது. கைப்பிடியை அடிக்கும்போது 'கிர்ர்' என்று அதிர்ந்து, எல்லா ஓட்டையிலும் பனிபோல் ஒரே சீராக வர வேண்டும். ஒரு ஓட்டையில் மட்டும் நூல்போல் நீண்டு வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழுத்தம் சரிசெய்ய சிம் (மெல்லிய தகடு) போடுவார்கள், 0.05 மி.மீ. கூட்டினால் சுமார் 5 பார் ஏறும். ஆறு சிலிண்டர் வண்டி என்றால் ஆறு நாசிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், ஒன்று 210, ஒன்று 230 என்று இருந்தால் இன்ஜின் ஒருபோதும் நிதானமாக நிற்காது. அடியில் போடும் செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாக, பழைய கனத்திலேயே இருக்கட்டும். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டியிருக்க, அதன் மேல் இன்னொன்று போட்டுவிட்டால் நாசில் மூக்கு மேலேறி, பீச்சும் இடமே மாறிவிடும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

பம்ப் தேர்வுக்கு அதன் பக்கவாட்டுத் தகட்டைப் படித்தால் போதும். 'பிஇஎஸ் 6 ஏ 95 டி' என்றால் ஆறு சிலிண்டர், 'ஏ' அளவு உடம்பு, பிளஞ்சர் குறுக்களவு 9.5 மி.மீ. பின்னால் வரும் 'ஆர்' அல்லது 'எல்' சுற்றும் திசை. ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கிடைக்கும் பம்ப் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும், ஆனால் பிளஞ்சரோ திசையோ, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ மாறியிருக்கும். தகடு இல்லாத பம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ரிப்பேர் செய்த பம்பு என்றால் காலிபரேஷன் சார்ட்டை (டீசல் அளவு பார்த்துச் சரிசெய்த பட்டியல்) கையெழுத்தோடு கேளுங்கள். முழு லோடில் எலிமென்டுக்கு எலிமென்ட் டீசல் அளவு 3, 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. மாட்டும்போது முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் நிறுத்தி டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) வையுங்கள். முந்தினால் தட்டும், பிந்தினால் வெள்ளைப்புகையும் இழுவைக் குறைவும் வரும்.

காமன் ரயிலில் கணக்கே வேறு. போஷ் இன்ஜெக்டரில் கனரக வண்டி எண் பெரும்பாலும் 0 445 120 என்றும், கார் வகை 0 445 110 என்றும் தொடங்கும். கடைசி மூன்று இலக்கம் ஒத்துப்போகாவிட்டால் வேண்டாம். வாங்குமுன் ரிட்டர்ன் அளவு (இன்ஜெக்டர் பீச்சாமல் திருப்பி விடும் டீசல்) சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் தனித்தனிக் குப்பியில் விட்டு, ஒரே நேரம் ஓடவிட்டு மட்டம் பாருங்கள். மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிரம்பும் குப்பி எதுவோ, அந்த இன்ஜெக்டர்தான் ரயில் அழுத்தத்தைத் தின்கிறது. சூடான வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வதற்கு இது முக்கியமான காரணம். புதிதோ, ரிப்பேரோ, இன்ஜெக்டர் தலையில் அச்சிட்ட கோட் எண்ணை ஸ்கேனர் மூலம் வண்டியின் கணினியில் ஏற்றியாக வேண்டும். ரிப்பேர் செய்து பழைய கோட் எண்ணையே விட்டுவிட்டால் ஐட்லிங் குலுங்கும். காமன் ரயில் இன்ஜெக்டரைச் சோதிக்கும் பெஞ்ச் (சோதனை மேடை) பக்கத்தில் இல்லையென்றால் மதுரையிலோ திருச்சியிலோ காட்டிவிடுவது மேல். பெஞ்ச் இல்லாமல் ஊகத்தில் பிரித்தால் நல்ல இன்ஜெக்டரும் கெடும்.

ஹை பிரஷர் பம்பை மாற்றுமுன் பில்டரையும், பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வையும் கழற்றி வெயிலில் பாருங்கள். வெள்ளித்தூள்போல் மின்னினால் பம்ப் உள்ளேயே அரைபட்டிருக்கிறது. அப்போது பம்பை மட்டும் மாற்றினால் புது பம்பும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து போகும். டேங்க், பைப், ரயில் எல்லாம் கழுவி, இன்ஜெக்டர்களைப் பெஞ்சில் பார்த்த பிறகே புது பம்ப் மாட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில், டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் தினமும் காலையில் இன்ஜின் போடுமுன் திறந்து வடியுங்கள். பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் யூரியாக் கரைசலைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். மின்சார லிப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது) உள்ள வண்டியில் சாவி போட்டதும் அது கரைசலை இன்ஜெக்டர் பக்கம் தள்ளத் தொடங்கிவிடும். வண்டியை நின்ற இடத்திலேயே விட்டு டேங்கை வடிக்க ஆளை வரவழையுங்கள்.