லாடெக்கில் தாள் அளவு: கணினியில் சொல்வதா, ஆவணத்தில் சொல்வதா?

கட்டளைகளை எழுதி ஆவணம் ஆக்கும் லாடெக் மென்பொருளில் உருவாக்கிய பக்கத்தை ஏ4 தாளில் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளக்கும்போது, வலது ஓரம் இடது ஓரத்தைவிட ஏறத்தாழ 6 மி.மீ. குறைந்தும், அடியில் தேவைக்கு மேல் ஒன்றேமுக்கால் செ.மீ. வெற்றிடம் மிஞ்சியும் இருந்தால், அச்சுப்பொறியைக் குறை சொல்ல வேண்டாம். ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ.; அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் லெட்டர் தாள் 215.9க்கு 279.4 மி.மீ. லெட்டருக்கு அளந்து வைத்த எழுத்துப்பரப்பு ஏ4 தாளின் மேல் விழுந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

இது நேர்வதற்குக் காரணம், தாள் அளவு இரண்டு இடங்களில் தனித்தனியாக முடிவாவதுதான். பிடிஎஃப் பக்கத்தின் அளவை, லாடெக்கைக் கணினியில் நிறுவித் தரும் டெக் லைவின் பொது அமைப்பு தருகிறது. அது இயல்பாக ஏ4. ஓரங்களையும் வரி நீளத்தையும் கணக்கிடும் ஆர்ட்டிகிள் வகுப்போ (ஆவணத்தின் வடிவமைப்பு விதிகள் அடங்கிய கோப்பு), வேறு எதுவும் சொல்லாவிட்டால் லெட்டர் என்றே எடுத்துக்கொள்கிறது.

பொது அமைப்பை மாற்ற, நிர்வாகி உரிமையுடன் முனையத்தில், டெக் லைவை நிர்வகிக்கும் டிஎல்எம்ஜிஆர் கட்டளைக்குப் பின் பேப்பர், ஏ4 என்ற இரு சொற்களைச் சேர்த்து இயக்கினால் போதும். ஆனால் அது வகுப்பின் கணக்கைத் தொடுவதில்லை. பலரும் இதை இயக்கிவிட்டு ஓரம் சரியாகவில்லையே என்று திகைப்பது இதனால்தான். மேலும், அந்த அமைப்பு உங்கள் கணினியோடு நின்றுவிடும். கோப்பை வாங்கித் தொகுக்கும் இணையாசிரியரின் கணினிக்கு அது போகாது.

ஆகவே அளவை ஆவணத்திலேயே எழுதிவிடுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. முதல் வரியில் உள்ள டாக்குமென்ட்கிளாஸ் கட்டளையின் சதுர அடைப்புக்குள் ஏ4பேப்பர் என்ற விருப்பத்தைச் சேர்த்து, அடுத்த வரியில், பக்க அளவுகளை அமைக்கும் ஜியோமெட்ரி என்ற கூடுதல் தொகுப்பை அழையுங்கள். முதலாவது வகுப்பின் கணக்கைத் திருத்துகிறது. ஜியோமெட்ரி அதே அளவைப் பிடிஎஃப் பக்கத்துக்கும் கொண்டு செல்கிறது. ஆர்ட்டிகிள் போன்றவற்றுக்கு மாற்றான கோமா-ஸ்க்ரிப்ட் வகுப்புகள் இயல்பாகவே ஏ4 என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

சரிபார்க்கும்போது, பிடிஎஃப் கோப்பின் விவரங்களைக் காட்டும் பிடிஎஃப்இன்ஃபோ கருவி 595.276க்கு 841.89 புள்ளி என்று காட்டுவதைக் கண்டு நிறைவடைய வேண்டாம். அது தாளை மட்டுமே அளக்கிறது, பிழையான கோப்பிலும் அதே எண்களைத்தான் காட்டும். வகுப்பு எடுத்துக்கொண்ட தாள் அகலமான பேப்பர்விட்த் மதிப்பை, தொகுக்கும்போது உருவாகும் பதிவுக்கோப்பில் எழுதச் செய்து பாருங்கள். லாடெக்கின் புள்ளி சற்றுச் சிறியது என்பதால் எண் வேறாக இருக்கும்: 597.5 என்று தொடங்கினால் ஏ4, 614.295 என்றால் இன்னும் லெட்டர்தான். அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்தும் தெரிவை நீக்கி, உண்மை அளவில் ஒரு பக்கம் எடுத்து மீண்டும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.