மைக் வருவதற்கு முன்: மனநலம் பற்றி ஊடகத்தில் பேச மலையகத்தவரைத் தயார்படுத்துவது

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இயங்கும் ஒரு மனநலக் குழு ஊடகத்தில் பேச ஆள் தேடினால், முதலில் வாய்ச்சாலக்காரரைத்தான் தேடும். அங்கேயே பிழை தொடங்குகிறது. நன்றாகப் பேசுகிறவர் பத்து நிமிடம் பேசுவார். பத்தாவது நிமிடத்தில் தன் அண்ணன் எந்த வாட்டில் கிடந்தார் என்பதையும் சொல்லிவிடுவார். நமக்கு வேண்டியவர், "அதைப் பற்றி நான் பேசமாட்டேன்" என்று முகம் சுளிக்காமல் சொல்லக்கூடியவர். பயிற்சியின் பாதி நேரம் இந்த ஒன்றுக்கே போகட்டும்.

காரணம் ஊரின் அளவு. கொழும்பில் "34 வயதுப் பெண்" என்றால் யாரோ ஒருவர். இங்கே தேயிலைத் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), வயது மூன்றும் செய்தியில் வந்தால் ஆளின் பெயரைப் போட்ட மாதிரிதான். எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), அதில் எத்தனையாவது காம்பரா (அறை) என்பதுவரை அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

ஆளும் நாளும்

ஒரு பயிற்சிக்கு 6 பேர் போதும். 8 பேருக்கு மேல் எடுத்தால் ஒவ்வொருவரும் கமராவுக்கு முன் நாலு தடவை நிற்க நேரம் இருக்காது. அவர்களில் பாதிப் பேராவது நோயைத் தாமே அனுபவித்தவராகவோ, வீட்டில் ஒருவரைப் பராமரித்தவராகவோ இருக்க வேண்டும். வைத்தியரின் விளக்கத்தால் அறிவு கூடும். ஆனால் சனங்களின் மனத்தடை கரைவது, நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவரை நேரில் பார்த்து, அவர் பேசுவதைக் கேட்கும்போதுதான். அண்மையில் நெருக்கடியில் இருந்தவரையும், மருந்து மாற்றப்பட்டுக்கொண்டிருப்பவரையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அடுத்த பயிற்சி இருக்கிறதே.

இரண்டு நாளைத் தொடர்ந்து வைக்காமல், ஒரு வாரம் இடைவெளி விட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக வையுங்கள். அந்த வாரத்தில் அவர்கள் வீட்டாரோடு பேசியாக வேண்டும். வேலை நாளில் வைத்தால் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். அதை ஈடுசெய்யாமல் "தேநீரும் பகலுணவும் உண்டு" என்று மட்டும் அழைத்தால், வேலைக்குப் போகாதவர்கள் மட்டுமே வந்து நிற்பார்கள்.

முதல் ஞாயிறு: வேலி

ஆளுக்கு ஒரு தாள். மூன்று கட்டம்: எங்கும் சொல்வேன், கேட்டால் மட்டும் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலானோர் முதலில் வெறுமையாகவே விடுவார்கள், "எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை" என்று. அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "உங்கள் மகளின் வகுப்பு ஆசிரியை இதைக் கேட்டால்?" "மகனுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்டால்?" கட்டம் தானாக நிரம்பும். மருந்தின் பெயர், வாட், உயிரை மாய்க்க முயன்ற சம்பவம், பிள்ளையின் பாடசாலை, கணவரின் குடி ஆகியவை வழக்கமாக அங்கே வந்து சேரும். கணவரின் குடி அவருடைய கதையும்தான். அவர் சம்மதிக்காமல் முதல் கட்டத்துக்கு அது போகக்கூடாது. தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிறகு செய்தி. 20 செக்கன், ஏறத்தாழ 30 சொல். அதற்கு மேல் போனால் வெட்டுவது நீங்களாக இருக்கமாட்டீர்கள். இப்படி அமையலாம்:

"எனக்கு மனச்சோர்வு நோய் இருந்திச்சு. ஆறு மாசம் கொழுந்து எடுக்கப் போக முடியல. கிளினிக் போனேன், மருந்து எடுத்தேன். இப்ப வேலைக்குப் போறேன். உங்க வீட்டில யாருக்காவது இப்படி இருந்தா ஒளிச்சு வைக்காதீங்க. 1926க்கு கோல் எடுங்க."

1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண். வசனங்களை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். ஒரு சொல் தவறினால் முழுவதும் சரிந்துவிடும். வரிசை மட்டும் மனதில் இருந்தால் போதும்: என்ன நடந்தது, என்ன செய்தேன், இப்போது எப்படி, நீங்கள் என்ன செய்யலாம்.

"இதுவும் சீனி வருத்தம் மாதிரி ஒரு நோய்தான்" என்ற வசனம் எல்லோருக்கும் பிடிக்கும். பழி குறையும், உண்மைதான். ஆனால் "மூளையில் கோளாறு" என்பதை அழுத்திச் சொன்னால், கேட்பவர் "அப்படியென்றால் இது மாறவே மாறாது" என்று எடுத்துக்கொண்டு இன்னும் தள்ளி நிற்பார். ஆய்வுகளிலும் இது தெரியவந்திருக்கிறது. ஆகவே நோயைச் சொன்ன அதே மூச்சில் வேலை, குடும்பம், திரும்பி வந்த வாழ்க்கையையும் சொல்லப் பழக்குங்கள்.

இரண்டாம் ஞாயிறு: கேள்விகள்

போனை ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மூன்று சுற்று. முதலாவதில் நிருபர் அன்பானவர், இரண்டாவதில் குத்தலானவர். மூன்றாவதில் ஒரு பதில் முடிந்ததும் நிருபராக நடிப்பவர் ஐந்து செக்கன் எதுவும் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதியை நிரப்பப் போய்த்தான் மூன்றாவது கட்டம் வாயிலிருந்து கொட்டும். குத்தலான கேள்வியில் தப்பியவர்கள்கூட இதில் விழுவார்கள். பதில் முடிந்தால் வாயை மூடி, நிருபரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்குங்கள்.

பதிவை முதலில் குரலை மட்டும் கேட்கவும், அடுத்து சத்தமில்லாமல் படத்தை மட்டும் பார்க்கவும் விடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும்.

நிச்சயம் வரும் கேள்விகள் சில. "அங்கொடை கேசுன்னு சொல்றாங்களே?" தேசிய மனநல நிறுவகம் இருக்கும் அங்கொடையின் பெயரே வசையாகிவிட்டது. இதற்கு "நான் அங்கொடை கேஸ் இல்லை" என்று பதில் சொன்னால், கேள்வியை வெட்டிவிட்டு அந்த வரியை மட்டும் போடலாம். வசைச்சொல்லை மறுப்பதற்காகக்கூட வாயில் எடுக்காமல், "சிகிச்சை எடுத்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன்" என்று நேராகத் தன் செய்திக்கு வர வேண்டும். "பேய் பிடிச்சதுன்னு மந்திரிக்கத்தானே கூட்டிட்டுப் போறாங்க?" என்றால் சாமியைக் குறை சொல்லத் தேவையில்லை: "கோயிலுக்குப் போகட்டும், கிளினிக்கையும் மருந்தையும் விடவேண்டாம்." பூசாரியோடு சண்டைக்குப் போனால் அன்றைய செய்தி அந்தச் சண்டைதான்.

"அந்தக் கொலையைச் செய்தவர் மனநோயாளியா?" என்று கேட்டால் ஊகிக்கவே கூடாது. "அவரை எனக்குத் தெரியாது. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, அடி வாங்குகிறவர்களே அதிகம்" என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பதிலிலேயே "மனநோயாளி" என்பது "மனநோய் உள்ளவர்" ஆகிவிட்டதைக் கவனியுங்கள். நிருபரைத் திருத்திப் பாடம் எடுப்பதைவிட இது நல்லது.

"இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று எதையும் சொல்ல வேண்டாம். மைக்கைக் கழற்றிய பிறகு சொல்வதும் பேட்டிதான்.

தோட்டத்தில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால்

நிருபரின் அழைப்பு அன்றே வரும். இதற்குத் தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். இறந்த விதம், இடம், எழுதிவைத்த கடிதம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "கடன்தான் காரணம்", "காதல்தான் காரணம்" என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம். அதே கடனில் இருக்கும் இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முயன்று பிழைத்தவரை நிருபர் குற்றவாளி போல எழுதப் போகிறார் என்று தெரிந்தால், இலங்கையில் 1998 முதல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்பதை நினைவூட்டலாம். நம்பிக்கை தரும் ஒரு தரவும் கையில் இருக்கட்டும்: 1995இல் இந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேரளவில் இப்படி இறந்தார்கள். கடும் நச்சுப் பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த விகிதம் பெருமளவு வீழ்ந்தது. தடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று? முடிக்கும்போது 1926.

படப்பிடிப்பு நாள்

தகரக் கூரைக்குக் கீழே பதிவு வைத்தால் மழைச் சத்தத்தில் ஒரு சொல்லும் தேறாது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் இதை எதிர்பாருங்கள். காலை பத்து மணிக்கு முன் நேரம் கேளுங்கள். வானொலிக்கு போனில் பேசுவதானால் சிக்னல் உள்ள இடத்தை முதல் நாளே பார்த்துவையுங்கள்.

கமராவில் விழக்கூடாதவை: லய இலக்கம், தோட்டப் பலகை, கோயில் பெயர், பின்னால் ஓடும் பிள்ளைகள். கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்வார்கள். அதன் அட்டையில் பெயரும் இலக்கமும் இருக்கும், கொடுக்காதீர்கள்.

தலைப்புப் போடுவது பிரதேச நிருபரல்ல, கொழும்பு அலுவலகம். ஆகவே உங்களுக்கு ஏற்ற தலைப்பு ஒன்றை எழுதி நிருபரிடம் கொடுங்கள். வேலை மிச்சம் என்று சில நேரம் அதையே போட்டுவிடுவார்கள். பிழை வந்தால் முதலில் நிருபர், பிறகு ஆசிரியர். பத்திரிகையென்றால் கடைசியில் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு.

ஒளிபரப்பாகும் இரவு பேசியவர் தனியாக இருக்கக்கூடாது. பேஸ்புக்கில் வரும் கருத்துகளைக் குழுவில் வேறொருவர் பார்க்கட்டும், பேசியவர் பார்க்க வேண்டாம். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் "நேத்து டீவில பார்த்தோமே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்பதை இரண்டாம் ஞாயிறு மாலையே, வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுங்கள்.