எந்தப் பெல்லட் உங்கள் குழலுக்குச் சேரும்? ஏர் ரைஃபிளில் சோதித்துப் பார்க்கும் முறை

தோட்டாவில் வெடிமருந்தின் அளவையும் குண்டையும் மாற்றி மாற்றி நிரப்பி, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பது வெளிநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். அதே கணக்கை 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம். மருந்து இருக்கும் இடத்தில் காற்று. நாம் மாற்றுவது பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை மட்டும்.

விலை கூடிய டின்தான் நன்றாக அடிக்கும் என்று நினைத்துத்தான் புதியவர்கள் காசை விடுகிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு ரைஃபிள்களில் ஒன்றுக்குச் சேரும் பெல்லட் மற்றதற்குச் சேராமல் போகலாம். குழலின் உள்விட்டத்தில் இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் காரணம். அதனால்தான் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டையே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு பிரித்து விற்கிறார்கள்.

என்ன வாங்க வேண்டும்

நான்கு டின் போதும். மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டி ரைஃபிள் என்றால் 0.53 கிராம் எடையுள்ள தட்டைத்தலைப் பெல்லட். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டுமே அந்த எடையில் கிடைக்கும். ஆர்10-இல் 0.45 கிராமும் உண்டு, அது பிஸ்டலுக்கு. கடைக்கார அண்ணாச்சி மாற்றித் தந்துவிடாமல் டின்னைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மூடியில் அல்லது அடியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரானதைக் காட்டும் எண்ணை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் அதுதான் முக்கியம்.

இவற்றோடு வெர்னியர் காலிப்பர், பாதுகாப்புக் கண்ணாடி, மணல் மூட்டை இரண்டு. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, மாவுச் சல்லடையில் சலித்த காய்ந்த மணலை முக்கால் பாகம் நிரப்பினால் மூட்டை தயார். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி இருக்கும், ரைஃபிள் அதில் உட்காராது.

இடம்

நெல்லைப் பக்கத்தில் இதுதான் பெரிய தொல்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடிக் காற்றாலைகளுக்கு நல்லது, நமக்கு ஆகாது. 10 மீட்டர்தானே என்று மொட்டை மாடியில் வைத்துச் சுட்டால், பக்கவாட்டுக் காற்று பெல்லட்டை இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கு மேலேயே தள்ளிவிடும். வளையத்துக்கு வளையம் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி 0.5 மில்லிமீட்டர். அப்புறம் பெல்லட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

தார்சாவிலிருந்து (முன்கூடத்திலிருந்து) புறவாசல் வரை ஒரே நேர்கோட்டில் போகும் பழைய வீடு இருந்தால் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஃபேனை நிறுத்துங்கள். குறுக்கே யாராவது வரக்கூடிய கதவுகளைத் தாழ்ப்பாள் போடுங்கள். இலக்குக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கக் கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பி வரும். பழைய துணியை இறுக்கி அடைத்த மரப்பெட்டி, அதன் முதுகில் இரும்புத் தகடு, இதுதான் குறைந்தபட்சம்.

பெல்லட்டைப் பிரித்தல்

வெள்ளைத் தாளில் கொட்டி ஒவ்வொன்றின் பாவாடையையும் பாருங்கள், அதாவது பின்பக்க விளிம்பை. நசுங்கியது, கோணலானது தனியே போகட்டும். கண்ணாடித் தட்டில் உருட்டினால் நல்ல பெல்லட் சீராக வளைந்து ஓடும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். எடை போட விரும்பினால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 காட்டும் மலிவுத் தராசுக்கு 0.530-ம் 0.534-ம் ஒன்றுதான். மேட்ச் பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போடுவதில் லாபம் குறைவு. அந்த நேரத்தை விளிம்பு பார்க்கச் செலவிடலாம்.

சுடுவது

டின் மாற்றும்போதெல்லாம் முதல் 10 பெல்லட் கணக்கில் சேராது. முந்தைய பெல்லட்டின் ஈயப்பூச்சு போய்ப் புதியது படியும் வரை குண்டுகள் கண்டபடி விழும். பிறகு ஒரு அட்டையில் 10, அப்படி மூன்று அட்டை. மூன்றையும் தொடர்ந்து சுடாதீர்கள். நான்கு டின்னுக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தால், முதல் சுற்றில் அ, ஆ, இ, ஈ. அடுத்ததில் ஈ, இ, ஆ, அ. மூன்றாவதில் கலைத்து. கடைசியில் கை சோர்ந்துபோவதன் பழி ஒரே டின் மீது விழக் கூடாது. மொத்தம் 240 பெல்லட் வரை போகும். இரண்டு காலையாகப் பிரித்துக்கொண்டால் நல்லது.

ஸ்பிரிங் வகை ரைஃபிளை மூட்டையில் அழுத்திப் பிடிக்காதீர்கள். பெல்லட் குழலை விட்டு வெளியே வருமுன்பே பிஸ்டன் துப்பாக்கியை உதறிவிடும். விரித்த உள்ளங்கையை மூட்டை மேல் வைத்து, அதில் சும்மா கிடத்துங்கள். அழுத்திய காற்றைச் சிலிண்டரில் வைத்திருக்கும் வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பத்து நிமிடம் சும்மா வைத்திருந்தால், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் அழுத்தம் மெல்ல ஏறி முதல் குண்டு மேலே போகலாம். இடைவேளைக்குப் பிறகு ஒரு குண்டை வேறு அட்டையில் விட்டுவிட்டுத் தொடருங்கள். வேகம் 1 சதவீதம் மாறினாலே 10 மீட்டரில் குண்டு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பத்துப் புள்ளியின் அளவை நினைத்துப் பாருங்கள்.

அளப்பது

முதலில் தனியாக விழுந்த ஒரு ஓட்டையை அளங்கள். காகிதம் கொஞ்சம் சுருங்குவதால் 4.5-க்குப் பதில் 4.4 என்று வரலாம். பிறகு பத்துக் குண்டும் சேர்ந்து கிழித்த ஓட்டையில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே அளந்து, அந்த 4.4-ஐக் கழியுங்கள். வெளி அளவு 9.3 என்றால் விடை 4.9. மூன்று அட்டையின் சராசரிதான் அந்த டின்னின் மதிப்பெண்.

ஓட்டை நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் கவலை வேண்டாம், அது சைட்டை, அதாவது குறிபார்க்கும் பாகத்தை, திருகிச் சரிசெய்யும் வேலை. ஐந்து குண்டு சுட்டு ஒரே ஓட்டையாக விழுந்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். அதே டின்னில் பத்து சுட்டால் பரவல் சராசரியாகக் கால் பங்கு கூடும். ஒரு டின்னுக்கு ஐந்து, இன்னொன்றுக்குப் பத்து என்று சுட்டு ஒப்பிடுவது ஏமாற்று வேலை. இரண்டு டின்னுக்கு 0.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றால் இரண்டும் சமம், விலை குறைந்ததை எடுங்கள்.

முடிவு தெரிந்ததும் அதே லாட் எண்ணில் கைக்கு எட்டிய அளவு வாங்கி வையுங்கள். லாட் மாறினால் பெயர் ஒன்றாக இருந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரிலோ, உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஈரக்காற்றிலோ திறந்து வைத்தால் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அந்த டின் வீண். காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் உள்ளறையில் வையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீத் தம்ளரைத் தொடாதீர்கள்.